நான்காம் வரிசை, பதினேழாம் பாளம்

அந்த விமான நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, காலையில் முதல் ஆளாகத் தரையில் கால் வைத்தவர் அவர்தான். பதவியின் பெயர் தளப் பரிசோதகர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைத்தவர் எவரும் இல்லை. நான்கடி நீள இரும்புக் கம்பியால் கான்கிரீட் தளத்தை அடிக்கு அடி தட்டி, தலையைச் சாய்த்து ஓசை கேட்டுக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால், நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்க்கும் வைத்தியர் ஞாபகம் வருமல்லவா? முதலில் தரை டாக்டர் என்றார்கள். நாளடைவில் தரையும் கழன்று வெறும் டாக்டர் ஆகிவிட்டார்.

வந்தது புல் வெட்டும் வேலைக்கு. ஓடுபாதையின் இரு பக்கமும் புல்லை வெட்டிக்கொண்டிருந்தவர், பண்டகசாலையின் ஒரு மூலையில் கழிவாகக் கட்டிப் போட்டிருந்த காகிதக் குவியலிலிருந்து, அட்டை கிழிந்த கையேடு ஒன்றை எடுத்து வந்தார். கான்கிரீட் எப்படி உருவாகிறது, எப்படிக் கெடுகிறது என்பதைச் சொல்லும் நூல் அது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க அவருக்கு மூன்று மழைக்காலங்கள் பிடித்தன. தளத்தில் வரிசை வரிசையாகப் பதித்த கான்கிரீட் பலகைகளில், கெட்டியான பாளம் கணீரென்று பதில் சொல்லும். அடியில் மண் அரித்துப் போன பாளம், காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் பொக்கென்று சொல்லும். இதை அவருக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக்கொண்டபின் எவராலும் அவரை ஏமாற்றவும் முடியவில்லை.

குடியிருப்பில் அவருக்கு இரண்டு அறைகள். உள்ளறையில் ஒரு சுவர் முழுவதும் இரும்பு அலமாரி. அதில் ஆண்டு வாரியாகக் கோப்புகள். ஒருமுறை அவர் மனைவி கேட்டாள்: "இத்தனை ஃபைல்ல எனக்குன்னு ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கே. கல்யாணச் சான்றிதழ், கண் பரிசோதனைச் சீட்டு, நீ உங்க அக்காவுக்கு எழுதி அனுப்பாம விட்ட கடிதம்."

"அதையுமா எடுத்து வச்சிருக்கீங்க?"

"தேதி போட்டிருந்தியே."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்; எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குள் அவர் ஒரு தாளை நிரப்பி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதன் அடியில் இரண்டு கட்டங்கள்: 'தளம் பயன்பாட்டுக்கு உகந்தது', 'உகந்ததன்று'. மூன்றாவது கட்டம் கிடையாது. புல் வெட்டுவதை விட்டுப் பரிசோதகரான இரண்டாம் மாதம், ஓர் ஓரத்துப் பாளத்தில் வெடிப்பைக் கண்டு அவர் 'உகந்ததன்று' என்று குறியிட்டார். விதிப்படி நிலையம் முழுவதும் மூடப்பட்டது. வானத்தில் வந்துகொண்டிருந்த பயணிகள் விமானம் திரும்பிப் போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. அன்றைய மேலாளர் அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி வழி ஒன்று சொன்னார்: முன்பக்கத்தில் எப்போதும் 'உகந்தது', குறை ஏதும் இருந்தால் தாளின் பின்பக்கத்தில் எழுதி வை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த வழி வழக்கமாகிவிட்டது. மேலாளர்கள் நால்வர் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை. அவர் முன்பக்கம் குறியிட்டார். பின்பக்கம், வரிசை எண், பாள எண், ஓசையின் தன்மை ஆகியவற்றைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். தன் பங்குக்குக் கார்பன் தாள் வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு நகலும் எடுத்து வீட்டில் சேர்த்தார்.

நான்காம் வரிசையின் பதினேழாம் பாளம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு பொக்கென்று பேசத் தொடங்கியது. அதற்கு அடியில் பழைய மழைநீர்க் கால்வாய் ஒன்று போகிறது. அதன் சுவர் இடிந்து மண் ஒழுகுகிறது என்று அவர் கணித்தார். பின்பக்கத்தில் எழுதியது போதாதென்று தனியாக ஏழு கடிதங்களும் எழுதினார். ஆறு கடிதங்கள் கிணற்றில் போட்ட கல். ஏழாவதற்குப் பதில் வந்தது: தங்களுடைய அன்றாடப் பதிவேட்டில் தளம் உகந்தது என்றே குறிக்கப்பட்டு வருவதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை.

அந்தப் பதிலையும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார்.

அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் பெருவிமானம் வரும் செய்தி வந்தது. மலைக்கு அப்பால் இருந்த மின் நிலையத்தின் மின்மாற்றி எரிந்துபோயிருந்தது. புதியதன் எடை தொண்ணூறு டன். வழியிலிருந்த பாலங்கள் அதைத் தாங்கா என்பதால், உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாபெரும் சரக்கு விமானங்களில் ஒன்று, நாளுக்கு இரண்டு சிறு விமானங்கள் மட்டும் வந்து போகும் அந்த நிலையத்துக்கு வருவதாக முடிவாயிற்று. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. டாக்டர் மட்டும் ஆடவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், நம்ம தளம் தாங்குமான்னு யாராவது பார்த்தாங்களா?"

"தலைமை அலுவலகத்துல பெரிய பெரிய எஞ்சினியருங்க பார்த்து ஓகே சொல்லியாச்சு."

"எதைப் பார்த்து?"

"உங்க ரெஜிஸ்டரைப் பார்த்துதான். மூணு வருஷத்துத் தாளையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். ஒருநாள்கூடத் தப்பாம உகந்தது. உங்களுக்குத்தான் மாலை போடணும்."

"பின்பக்கமும் அனுப்பினீங்களா சார்?"

மேலாளர் மேசைமீதிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "கேட்டது முன்பக்கம் மட்டும்தான் டாக்டரே. அதுவும் இல்லாம, விமானம் நிக்கப்போறது எட்டாம் வரிசைக்கு அந்தப் பக்கம். உங்க நோயாளி நாலாம் வரிசைல படுத்திருக்கு. அது பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்."

டாக்டருக்கும் அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது.

பெரிய விமானத்தைத் தரையில் இழுத்து நகர்த்தும் பொறுப்பு, நிலையத்தின் இழுவை வண்டி ஓட்டுநருக்குக் கிடைத்தது. அந்த ஓட்டுநர் டாக்டருடைய ஒரே தங்கையின் கணவர். எதிர்க் கட்டடத்தின் மாடியில் குடியிருந்தார். இரண்டு பிள்ளைகள். வாயைத் திறந்தால் சிரிப்பு. இதற்கென்றே வேறொரு பெரிய நிலையத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய கனரக இழுவை வண்டியை, புது மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், பதினோரு வருஷமா எலிக்குஞ்சுகளைத் தள்ளிக்கிட்டுக் கிடந்தேன். இப்போ யானையைக் கட்டி இழுக்கப்போறேன்."

"பார்த்து இழுங்க மாப்ளே. யானை மிதிச்சா சட்டினி."

"மிதிச்சாலும் பேப்பர்ல போட்டோ வரும்ல! உங்க அலமாரில வச்சுக்கலாம், தேதி போட்டு."

விமானம் வந்திறங்கிய காலை, வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர். பள்ளிகள் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்திருந்தன. முதலில் ஓசைதான் வந்தது. காதில் அல்ல, விலா எலும்பில். பிறகு, பறப்பதற்கு எந்த நியாயமும் இல்லாத ஒரு கட்டடம் மேகத்திலிருந்து மெல்ல இறங்கி வந்தது. இருபத்து நான்கு சக்கரங்கள் புகையைக் கிளப்பிக்கொண்டு தரையைத் தொட்டபோது டாக்டர் தரையை மட்டும் பார்த்தார். அது வந்து எட்டாம் வரிசைக்கு அப்பால் நின்றது. மூக்கு மேலே திறந்தது. முன்கால் மடங்கி முட்டி போட்டது. மின்மாற்றி தண்டவாளங்களின்மேல் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. தளத்தில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் கூட்டத்துக்கு நடுவே அவரைத் தேடிப் பிடித்து, "என்ன டாக்டரே, நோயாளி பிழைச்சுட்டான் போல?" என்றார். டாக்டரும் சிரித்தார்.

மறுநாள் விமானம் புறப்பட வேண்டும். ஆறு மணிக்கு அவர் படிவத்தை நிரப்பினார். முன்பக்கம்: உகந்தது. பின்பக்கம்: நான்காம் வரிசை, பதினேழாம் பாளம், ஓசை முன்னைவிட மோசம், கனமான சக்கரம் எதுவும் இதன்மேல் ஏறக்கூடாது. கொடுத்தார், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினார். ஏழு மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் மாப்பிள்ளையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். முந்தின நாள் கூட்டத்தில் எவனோ தன் கையை முத்தமிட்ட கதையை மாப்பிள்ளை மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். காற்றின் திசை மாறிவிட்டது. ஆகவே விமானத்தை நேரே இழுக்காமல், அரைவட்டம் போட்டுத் திருப்பி மேற்கு முகமாக நிறுத்த வேண்டும். பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். கோடு நான்காம் வரிசையின் குறுக்கே போயிற்று. கடைசி வரிசையில் நின்றிருந்த டாக்டர் அதைப் பார்த்தார். அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய அறிக்கை மூன்று மணி நேரத்துக்கு முன்பே அலுவலகத்தில் இருக்கிறது. படித்திருப்பார்கள், படித்த பிறகுதானே கோடு போட்டிருப்பார்கள்? வெறுமையான விமானம், நேற்றைய பாரம் அதில் இல்லை. இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டே அவர் வெளியே வந்து வேலி ஓரமாக நின்றார்.

இடப்பக்கச் சக்கரங்கள் ஐந்தாம் வரிசையைக் கடந்தபோது அவர் ஓடத் தொடங்கினார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலிக்கு வெளியே இருந்தவர்கள், அவர் விமானத்துக்குக் கையசைப்பதாக நினைத்து அவர்களும் கையசைத்தார்கள்.

பாளம் உடைந்தது. சக்கரம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிற்று. வண்டி இழுத்த வேகத்தில், விமானத்தையும் வண்டியையும் பிணைத்திருந்த எஃகுக் கம்பம் முறிந்து, ஓட்டுநர் அமர்ந்திருந்த கூண்டை வாரிக்கொண்டு போயிற்று. மருத்துவ வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரத்தில் முதல்கட்ட அறிக்கை வந்தது. ஓட்டுநர் அளவு மீறிய விசையில் இழுத்ததே விபத்துக்குக் காரணம் என்று அதில் எழுதியிருந்தது. பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஓட்டுநரின் பிள்ளைகளிடம், "உங்க அப்பாதானே பிளேனை உடைச்சது?" என்று கேட்டார்கள். மூத்தவன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். தங்கை அறிக்கையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, செத்துப்போன ஆளு எழுந்து வந்து சொல்லமாட்டாருன்னு தைரியம். இந்த ஒரு வரியை அடிச்சாகணும். உன்னாலதான் முடியும்."

"தரைதான் காரணம்னு அன்னைக்குக் காலைலயே எழுதிக் கொடுத்திருக்கேன்மா. இரு, எடுத்துக் காட்டறேன்."

அலமாரியைத் திறந்தார். அன்றைய நகலை எடுத்தார். தாளின் முன்பக்கம் மட்டும்தான் கார்பனில் இறங்கியிருந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முந்தின நாள், அதற்கு முந்தின நாள், முந்தின ஆண்டு: உகந்தது, உகந்தது, உகந்தது, அடியில் அவருடைய கையொப்பம். ஏறத்தாழ எண்ணாயிரம் தாள்கள். ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாளைத் திருப்பிப் போட்டு இன்னொரு கார்பன் வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மூலப் பதிவேடு தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதைக் கேட்டு மனுப் போட்டார். கடைசிக் கடிதம் நான்கு மாதத்துக்கும் மேல் பழையது, விபத்து நாளன்று தளம் எப்படி இருந்தது என்பதற்குப் பதிவேடே சான்று, ஆகவே அதை முழுமையாக, இரு பக்கமும், விசாரணைக் குழு பார்வையிட வேண்டும். நிராகரித்தார்கள். மறுபடி போட்டார். எட்டு மாதத்தில் ஒன்பது மனுக்கள். அந்த எட்டு மாதமும் தங்கை, அவர் ஏறிய படிகளிலெல்லாம் கூட ஏறினாள். வாசல் பெஞ்சுகளில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவராவது அலட்சியமாகப் பேசினால் அவருக்கு முன்பாக அவள் எழுந்து சண்டைக்குப் போனாள். ஒரு குமாஸ்தா, "நாளைக்கு வாங்கம்மா" என்றபோது, "நேத்தும் இதையேதான் சொன்னீங்க. உங்களுக்கு மட்டும் நாளைன்னு ஒண்ணு வராதா?" என்று கேட்டுவிட்டாள். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கணவர் போன பிறகு அவள் முகத்தில் அவரும் அன்றுதான் சிரிப்பைக் கண்டார்.

ஒன்பதாவது மனு பலித்தது. விசாரணை அறையில் மூவர் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், தலைவர். ஒரு பக்கம் மேலாளர். கடைசி நாற்காலியில் தங்கை. மேசைமீது பதிவேடு இருந்தது. டாக்டர் அந்த நாளைத் திறந்து தாளைத் திருப்பினார். எழுத்துகள் அப்படியே இருந்தன. எவரும் அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"படிங்க" என்றார் தலைவர்.

படித்தார். கனமான சக்கரம் எதுவும் இதன்மேல் ஏறக்கூடாது என்ற வரியை இரண்டு தடவை படித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ ஓட்டுநர் எப்படி இழுத்திருந்தாலும் அந்த ஸ்லாப் உடைஞ்சுதான் இருக்கும்."

"ஆமாங்க ஐயா. அவர் மேல தப்பே இல்லை."

"அது உடையும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்னுதான் ஐயா எழுதியிருக்கேன்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

தலைவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, முன்பக்கமாகத் திருப்பினார். "தெரிஞ்சும் இங்க உகந்ததுன்னு குறி போட்டீங்க. தினமும் போட்டிருக்கீங்க. தலைமை அலுவலகம் இதை நம்பித்தான் அந்த விமானத்தை வரவழைச்சுது."

"அது வழக்கம் ஐயா. முன்பக்கம் உகந்தது, குறை பின்பக்கம். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அந்த வழக்கத்துக்கு உத்தரவு ஏதாவது இருக்கா? ஒரு சுற்றறிக்கை? ஒரு துண்டுச் சீட்டு?"

வாழ்நாளில் முதல்முறையாக, காட்டுவதற்கு டாக்டரிடம் ஒரு காகிதம் இல்லை. மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றார் மேலாளர். அது பொய்யும் அல்ல. சொன்னவர் அவருக்கு முன்னால் இருந்த நால்வரில் முதலாமவர். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெளியே தாழ்வாரத்தில் தங்கை சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளை மேல இருந்த பழி போச்சும்மா. அந்த வரியை எடுத்துடுவாங்க" என்றார்.

"பலகைல கோடு போட்டப்போ நீயும் அங்க நின்னியா?"

"நின்னேன்."

"அவரும் நின்னாரா?"

"முன்னாடி நின்னார்."

"ஒரு எட்டு எடுத்து வச்சு, மாப்ளே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்ணா. ஆபீசர் சொல்லியிருந்தா கேட்டிருப்பாரோ என்னவோ. நீ சொன்னா நின்னிருப்பார்."

"ஆறு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டேன்மா. கையெழுத்தும் வாங்கியிருக்கேன்."

"யார்கிட்ட?"

கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து தட்டச்சர் கூப்பிட்டார். வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். தட்டச்சர் வயதானவர், எத்தனையோ பேர் வேலை இழந்ததைத் தன் விரல்களாலேயே அடித்தவர். குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, நான் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. இந்த இடத்துல 'தெரியும்'னு இருக்கு பாருங்க. 'சந்தேகம் இருந்தது'ன்னு மாத்திக் கேளுங்க. இப்போ மாத்திக்கலாம், தப்பில்லை. வேலை தப்பிச்சாலும் தப்பிக்கும்."

"அப்படி மாத்தினா ஓட்டுநர் விஷயம் என்ன ஆகும்?"

தட்டச்சர் தலையைச் சொறிந்தார். "தரை கெட்டிருந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல ஆள் இல்லைன்னா, பழைய அறிக்கை அப்படியே நிக்கும். ஆனா அவர் போயிட்டாரே ஐயா. நீங்க இருக்கீங்க."

அவர் வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பாள எண்ணைப் பதினாறு என்று தவறாக அடித்திருந்தார்கள். அதைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். 'தெரியும்' என்ற சொல்லின்மேல் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கிக் கையொப்பமிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் தங்கை இருந்தாள். நிழற்கூரையின் ஒரு முனையில் அவள். மறு முனையில் அவர். கையொப்பமிட்டதைச் சொல்லலாமா என்று இரண்டு தடவை அவள் பக்கம் திரும்பினார். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். நடத்துநர் பின்வாசலில் தொங்கியபடி, "ஏறலையா பெரியவரே? இதை விட்டா நாற்பது நிமிஷம்" என்றார்.

"நீங்க போங்க" என்றார் அவர்.